காலியாக விட்டிருக்க வேண்டிய கட்டம்

1

அந்தக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத் தலைவர் பொய் சொன்னார். இதைவிட மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நடிப்புப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பொதுத் தேர்வு மதிப்பெண்ணை அனுப்ப வேண்டியதில்லை, விருப்பம் இருந்தால் அனுப்பலாம், நடிப்பைப் பார்த்துத்தான் முடிவெடுப்போம் என்று அவர் பெயரோடு அவர்களுடைய இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறது. இன்று காலையிலும் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. என் மகள் போய் நடித்துக் காட்டினாள். நடிப்புத் துறை அவளை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுக் கல்லூரி அவளை வேண்டாம் என்றது.

அந்த மதிப்பெண்ணை அனுப்பியது நான். அவள் இல்லை. இதை ஒளித்துவைத்து எழுதினால் நானும் பொய் சொன்னவன் ஆவேன்.

நான் அனுப்பி ஒரு வருடம் ஆகிறது. என் அப்பாவின் திதி வரும் வாரமும் இதுதான். இந்த முறை ஊருக்கு வரவில்லை. மேலகரத்தில் பிறந்து, அமெரிக்காவின் வடபகுதியில் பனி கொட்டும் ஒரு ஊரில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். என் மனைவி நர்ஸ். அவள் வேலைக்காக வந்தோம். தென்காசிப் பக்கம் பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப நினைக்கிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆறுதல் கேட்டு இல்லை.

2

நான் வேலை பார்ப்பது ஒரு ஆஸ்பத்திரியின் கொதிகலன் அறையில். தரைக்குக் கீழே இரண்டு மாடி. மேலே நோயாளிகளுக்குச் சுடுதண்ணீர், குளிர்காலத்தில் அறைகளுக்கு வெப்பம், எல்லாம் அங்கிருந்துதான் போகும். மணிக்கு ஒருமுறை அழுத்தம், சூடு, தண்ணீர் மட்டம் மூன்றையும் பார்த்து ஒரு தாளில் எழுத வேண்டும். தாள் முழுக்கக் கட்டங்கள். இத்தனை வருடத்தில் ஒரு கட்டத்தைக்கூட நான் காலியாக விட்டதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு மேலதிகாரி என் தாளைத்தான் எடுத்துக் காட்டுவார். நான் கடமை தவறாதவன் என்று அவருக்கு நினைப்பு. காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பயம், அவ்வளவுதான்.

அந்தப் பயம் எப்படி வந்தது என்பது மேலகரத்தில் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் போவது வழக்கம். எனக்கு இருபது வயது, என் அக்கா இசக்கிக்கு இருபத்திரண்டு. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் போலீஸ் வேலைக்கு விண்ணப்பம் போட்டோம். படிவத்தில் அங்க அடையாளத்துக்கு இரண்டு கட்டம் இருந்தது. எனக்கு இடது தோளில் ஒரு மச்சம். அதை எழுதினேன். இரண்டாவதுக்கு உடம்பெல்லாம் தேடினேன். அம்மா என்னை முற்றத்து வெயிலில் நிறுத்தி முதுகைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இல்லாததை எப்படி எழுதுவது என்று விட்டுவிட்டேன். அக்காவுக்கும் ஒரே ஒரு மச்சம்தான். அவள் முழங்காலில் கொசு கடித்துச் சொறிந்த இடத்தைத் தழும்பு என்று எழுதினாள்.

அவளுக்கு உடல் தகுதித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. எனக்கு 'முழுமையற்ற விண்ணப்பம்' என்று ஒரே ஒரு வரி வந்தது. நான் அவளைவிட வேகமாக ஓடுவேன். என்னை ஓடிக் காட்டச் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு வருமானச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா, எந்தப் படிவம் கையில் வந்தாலும் ஒரு கட்டம் விடாமல் நிரப்பினேன். பொருந்தாத இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். கோடு போட்டேன். காலியாக மட்டும் விடவில்லை.

3

அக்கா இப்போது தலைமைக் காவலர். குற்றாலத்தில் சீசன் என்றால் மெயினருவியில் பெண்கள் பக்கம் அவளுக்கு வேலை. விசிலை வாயில் வைத்துக்கொண்டு, சாரலில் நனைந்த யூனிபாரத்தோடு நாள் முழுக்க நிற்பாள். என் மகள் செண்பகா பதினைந்து வயதில் விடுமுறைக்கு வந்தபோது இரண்டு வாரம் அத்தையோடு போய் அங்கே நின்றாள். அருவிக்குள் போகவே இல்லை. அத்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா பச்சச் சேல, தண்ணி ஒனக்கு மட்டுமா விழுது? நின்னது போதும், நகரு. பின்னால நிக்கவளும் பஸ்ஸேறித்தான் வந்திருக்கா."

"ஏட்டி, எண்ணெயத் தேச்சிக்கிட்டுப் பாறையில ஏறாத. நீ வழுக்கி விழுந்தா மெமோ எனக்குத்தான் வரும்."

இதையெல்லாம் செண்பகா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அமெரிக்கா திரும்பி, பள்ளி நாடகக் குழுவில் தானே ஒரு துண்டு நாடகம் எழுதித் தனியாக நடித்தாள். ஒரு பெண் போலீஸ், ஒரு விசில், வேறொன்றும் கிடையாது. பாதி தமிழ், பாதி ஆங்கிலம். கூட்டத்தை விரட்டிக்கொண்டே இருக்கிறவள், கடைசியில் கூட்டம் போன பிறகு, ஒரு கையை மட்டும் நீட்டித் தண்ணீருக்குள் வைப்பாள். நாள் பூராவும் அருவியில் நின்றவள் குளிக்கவில்லை என்று அப்போதுதான் பார்க்கிறவனுக்கு உறைக்கும்.

அதைப் பார்க்கும்வரை நடிப்புப் படிப்பு என்று அவள் சொன்னபோதெல்லாம் நான் சண்டை போட்டேன். எங்களோடு பழகும் குடும்பங்களில் பிள்ளைகள் மருத்துவம், கணினி என்று போகிறார்கள், நீ என்ன வேஷம் கட்டப் போகிறாயா என்று கேட்டேன். பார்த்த பிறகு கேட்கவில்லை. பள்ளி மேடையில் என் அக்கா நின்றாள். தோளைத் தூக்கும் விதம், விசிலை உதட்டோரம் ஒதுக்கிவிட்டுத் திட்டும் விதம், எதுவும் தப்பவில்லை.

அக்காவுக்கு வீடியோ அனுப்பினோம். பார்த்துவிட்டு போனில் சொன்னாள்: "வெயில்லயும் தண்ணியிலயும் நிக்கது நானு, கைதட்டு எம் மருமவளுக்கா? இருக்கட்டும். விசில இன்னும் கொஞ்சம் எறக்கிப் பிடிக்கச் சொல்லு."

4

போன வருடம் கார்த்திகையில் அப்பாவின் முதல் திதிக்கு நானும் செண்பகாவும் வந்தோம். மூன்று நாளாக விடாத மழை. மேலகரத்தில் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்ப மறுநாள் கடைசி. அவள் எல்லாவற்றையும் முன்பே நிரப்பி வைத்திருந்தாள். பெற்றோர் கையெழுத்தும், என் அட்டையில் கட்டணம் கட்டுவதும்தான் பாக்கி. தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் இன்வெர்ட்டர் ஓடுகிறது என்று கேள்விப்பட்டுப் போனோம்.

பக்கத்தைத் திறந்து வைத்தாள். கட்டணம் கட்டும் இடத்தில் அது சுற்றிக்கொண்டே இருந்தது. அந்நேரம் அக்கா போன் பண்ணினாள். அருவியில் வெள்ளம், குறுக்கே கயிறு கட்டி யாரும் குளிக்கக் கூடாதென்று தடை போட்டாயிற்று, ஜீப் இந்த வழியாகத்தான் வருகிறது, பார்க்க வேண்டுமென்றால் வா என்று. செண்பகாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஜீப் வந்ததும் ஓடிக்கொண்டே சொன்னாள்:

"அப்பா, நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிரு. வேற எதையும் தொடாத."

வேறு எதையும் தொடாதே. அவள் சொன்னாள். என் காதில் விழுந்தது.

அந்த சென்டரை நடத்துகிறவர் ஆய்க்குடிக்காரர், கணேசன் என்று பெயர். வேலைவாய்ப்பு, ரேஷன் கார்டு, நீட், பாஸ்போர்ட், எல்லாப் படிவமும் அவர் கையால்தான் போகிறது. பக்கம் திறக்கட்டும் என்று காத்திருந்தபோது விண்ணப்பத்தை மேலிருந்து கீழ்வரை ஒருதடவை பார்த்தார்.

"அண்ணாச்சி, இங்கன ஒண்ணு காலியாக் கெடக்கே, பாத்தீயளா?"

பொதுத் தேர்வு மதிப்பெண்ணுக்கான கட்டம். செண்பகாவின் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து அந்தத் தேர்வை எழுத வைத்திருந்தார்கள். ஆங்கிலமும் கணக்கும். நம் பிளஸ் டூ மாதிரி இல்லை, பள்ளிப் பாடங்களுக்கு வெளியே கல்லூரிச் சேர்க்கைக்கென்று தனியாக நடப்பது. பள்ளி நாடகம் முடிந்த மறுநாள். அவள் வாங்கியது குறைவு. அவளுக்கு மேலே இருந்தவர்கள்தான் அதிகம்.

"விருப்பம் இருந்தா போடலாம்னு போட்டிருக்கான்" என்றேன்.

"அப்படித்தான் போடுவான். அனுப்பும்போது செவப்புல காட்டுவான். தெனம் எத்தன ஃபார்ம் போடுதேன் அண்ணாச்சி, காலியா விட்டது ஒண்ணும் நேராப் போனதில்ல."

"மார்க்கு கம்மிலா."

"கம்மின்னாலும் மார்க்குதான? ஒண்ணுமே போடலைன்னா பிள்ள பரீட்சையே எழுதலைன்னுல்லா நெனப்பான்."

ரேஷன் கார்டுக்காக நின்றிருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். "பிள்ள என்ன படிக்கப் போவுது?"

"நாடகம்."

"நாடகத்துக்கா மார்க்கு கேக்கான்? இங்கன கோயில் கொடைக்கு ஆட வாரவன்ட்ட எவனும் மார்க் ஷீட் கேட்டதில்லையேப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெரியவர் ஒருவர்தான் அன்றைக்கு அங்கே சரியாகப் பேசினவர். எனக்கு அது புரியவில்லை. நான் எங்கே போனாலும் சான்றிதழ் நகல்களை ஒரு ஃபைலில் வைத்துக் கொண்டுபோகிறவன். மதிப்பெண் தாளும் அதில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கணேசன் எண்ணைத் தட்டினார். பக்கம் திறந்தது. அனுப்பினோம். சிவப்பு எதுவும் காட்டவில்லை.

"பாத்தீயளா" என்றார் கணேசன்.

வெளியே வந்து டீ குடித்தேன். ஒரு பெரிய தப்பு நடக்க இருந்ததைத் தடுத்துவிட்ட சந்தோஷம்.

5

அன்று சாயங்காலம் அக்காவும் செண்பகாவும் முழுக்க நனைந்து வீட்டுக்கு வந்தார்கள். வரும் வழியிலேயே செண்பகாவின் போனுக்குக் கல்லூரியின் ரசீது வந்திருந்தது. என்னென்ன கிடைத்தது என்ற பட்டியலில் மதிப்பெண்ணும் இருந்தது.

"அப்பா, மார்க் எப்படிப் போச்சு?"

"நீ விட்டுட்டுப் போயிருந்த. நான் பாத்துப் போட்டுட்டேன்" என்றேன். பாராட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"விட்டுட்டுப் போகல. வேணும்னுதான் விட்டேன்."

அக்கா வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. நிமிராமலே கேட்டாள்.

"ஏலே சங்கரா, ஒனக்கு ரெண்டாவது மச்சம் இல்லாமப் போனதுக்கு எம் மருமவ என்னலே செஞ்சா?"

மறுநாள் காலையில் மறுபடி தென்காசிக்குப் போய், மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள், என் அப்பா தெரியாமல் போட்டுவிட்டார் என்று செண்பகா கல்லூரிக்கு எழுதினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. வந்ததைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் கவலைப்பட வேண்டாம், நடிப்பு மாணவர்களுக்கு நடிப்புத்தான் முக்கியம் என்று சேர்க்கை அலுவலகத் தலைவர் தன் பெயரிலேயே எழுதியிருந்தார். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. நகலும் எடுத்து வைத்திருக்கிறேன்.

கவலைப்பட வேண்டாம் என்றார். நாங்கள் நம்பினோம்.

6

பிப்ரவரியில் நேரில் நடித்துக் காட்டக் கூப்பிட்டார்கள். பனியில் ஆறு மணி நேரம் காரை ஓட்டிக் கொண்டுபோனேன். ஒரு நீளமான தாழ்வாரத்தில் பெற்றோர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து விசில் சத்தம் கேட்டது. பிறகு என் மகளின் குரல், என் அக்காவின் வார்த்தைகள். "நின்னது போதும், நகரு." அந்தக் கட்டடத்தில் அதற்கு முன்னால் யாரும் அந்தத் தமிழைப் பேசியிருக்க மாட்டார்கள்.

உள்ளே மூன்று ஆசிரியர்கள். மறுபடி ஒருமுறை செய் என்று கேட்டிருக்கிறார்கள். முடிந்ததும் அதில் ஒரு அம்மா வெளியே வந்து என் கையைப் பிடித்தார். அந்தப் போலீஸ்காரம்மா உண்மையில் இருக்கிறாரா என்று கேட்டார். என் அக்கா என்று சொன்னேன். அவரை எனக்கு இப்போது தெரியும் என்றார்.

மார்ச் மாதம் நடிப்புத் துறையிலிருந்து கடிதம் வந்தது. உன்னைத் தேர்ந்தெடுத்துக் கல்லூரிக்குப் பரிந்துரைத்துவிட்டோம் என்று. வீட்டில் பாயசம் வைத்தோம். இரண்டு வாரம் கழித்துக் கல்லூரியின் கடிதம் வந்தது. வருந்துகிறோம் என்று.

வேலை இடைவேளையில் கொதிகலன் அறையிலிருந்தே போன் செய்தேன். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். கோபம் வந்தால் வராது. நான் கேட்பதை மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்தார்கள். எடுத்தது ஒரு பெண். பதமாகத்தான் பேசினார். கல்விப் பிரிவு தனியாகக் கோப்பைப் பார்க்கும், மதிப்பெண் இருந்தால் அதையும் பார்க்கும் என்றார்.

"இல்லாவிட்டால்?"

"இல்லாவிட்டால் பள்ளிப் பாடங்களை மட்டும் பார்ப்போம்."

"பள்ளிப் பாடங்களில் அவள் எப்படி?"

கோப்பைப் புரட்டும் சத்தம். "நன்றாக இருக்கிறாள்."

"அப்படியானால் அந்தக் கட்டம் காலியாக இருந்திருந்தால் எடுத்திருப்பீர்களா?"

அடுத்த வருடமும் விண்ணப்பிக்கலாம் என்றார். அப்போது இந்த மதிப்பெண் என்ன ஆகும் என்று கேட்டேன். கோப்பில் இருக்கும் என்றார்.

என்னை ஓட விடாமலே திருப்பி அனுப்பினார்கள். அது ஒரு அநியாயம். இவளை ஓடச் சொல்லி, இன்னொரு தரம் ஓடச் சொல்லி, கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டு, அதற்குப் பிறகு கணக்கில் மார்க் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இதற்கு எனக்கு வார்த்தை தெரியவில்லை. ஒரு கையைத் தண்ணீரில் வைத்தே ஒரு மனுஷியின் நாள் முழுவதையும் காட்டியதை அந்தத் தேர்வின் எந்தக் கேள்வி அளந்தது? முக்கோணமா?

7

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர். அவர் மகனும் செண்பகாவின் பள்ளிதான். அவனும் குறைவாகத்தான் வாங்கினான். அவனுக்கு இடம் கிடைத்தது, வேறு கல்லூரியில். லிஃப்ட் பக்கத்தில் என்னைப் பார்த்து நிஜமான வருத்தத்தோடு பேசினார். "குறைந்த மார்க்கை அனுப்பக் கூடாதே. அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்றார்.

அந்த 'எல்லாரும்' யார் என்று அன்று முழுக்க யோசித்தேன். அவர் மகனுக்கு விண்ணப்பம் போடவே ஒரு ஆலோசகரை அமர்த்தியிருந்தார்கள். எதை அனுப்பு, எதை மறை என்று சொல்ல ஒரு ஆள். விருப்பம் என்ற சொல் அவர்களுக்கு ஒரு வாசல். மார்க் நல்லா இருந்தால் காட்டலாம், இல்லாவிட்டால் பேசாமல் இருக்கலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி இல்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தால் மூஞ்சியில் எறிகிற ஆபீஸ்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். பேசாமல் இருப்பதற்கு எங்களுக்கு யாரும் அனுமதி கொடுத்ததில்லை. கேட்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் வைக்கத்தான் கற்றுக்கொண்டோம். அந்தக் கல்லூரி அப்படி வைத்ததை எடுத்து எங்களையே அடித்தது.

கணேசன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் அவர் சொன்னது சரி. என் மேல் கோபம் உண்டு. தொடாதே என்று சொன்ன பிறகும் தொட்டேன். மகளின் வார்த்தையைவிடப் பழைய பயத்தை நம்பினேன். ஊரில் இதைப் படிக்கிற அப்பாமார்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். பிள்ளை வேண்டுமென்று விட்ட கட்டத்தை விட்டுவிடுங்கள்.

8

செண்பகா இப்போது ஒரு காப்பிக் கடையில் நிற்கிறாள். காலையில் அவளை இறக்கிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன். காரில் பாட்டுப் போடுவதில்லை. சின்னதிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். அதற்கு என் அக்காகூட அவளைத் திட்டுவாள். போன ஏப்ரலிலிருந்து 'நீங்க' என்கிறாள். மரியாதை கூடினால் இப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

இந்த வருடத்துக் கடைசித் தேதி வருகிறது. அந்தக் கல்லூரியைத் தவிர வேறெங்கும் அவளுக்கு மனம் இல்லை. அந்த மூன்று ஆசிரியர்களிடம்தான் படிக்க வேண்டும் என்கிறாள். ஆனால் விண்ணப்பத்தைத் திறக்கவில்லை. விசில் அவள் அறையில் ஆணியில் தொங்குகிறது. போன வாரம் காரில் நான் கேட்டேன், இன்னொரு தரம் போடுகிறாயா என்று.

"எதுக்கு? அந்த மார்க் அங்கதான இருக்கு."

"நான் கேட்டுப் பாக்கட்டுமா?"

"நீங்க கேட்டா தனியா ஒரு லெட்டர் போடுவாங்க, கவலைப்படாதீங்கன்னு. போன தரமும் அதத்தான் போட்டாங்க." இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எல்லாரும் பாக்க மாதிரி சொல்லச் சொல்லுங்க. சொன்னா போடுதேன்."

இவ்வளவு நீளமாக அவள் என்னிடம் பேசிப் பல மாதம் ஆகிறது.

அதனால் கேட்கிறேன். இதை ஆங்கிலத்திலும் எழுதி, அவருடைய அந்தப் பழைய கடிதத்தின் நகலை இணைத்து, அந்தக் கல்லூரிக்கும் இங்கே நாங்கள் இருக்கும் ஊர்ப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். சேர்க்கை அலுவலகத் தலைவரே, இரண்டே கேள்வி. நடிப்புத் துறை தேர்ந்தெடுத்த ஒரு பிள்ளையை, அனுப்ப வேண்டியதில்லை என்று நீங்களே சொன்ன மதிப்பெண்ணைக் காரணம் காட்டி ஒதுக்கினீர்களா, இல்லையா? அவள் மறுபடி வந்தால் அதே மதிப்பெண்ணை எடுத்துப் பார்ப்பீர்களா, மாட்டீர்களா?

எனக்குக் கடிதம் போட வேண்டாம். போன் வேண்டாம். வருத்தம் வேண்டாம். விருப்பம் இருந்தால் அனுப்பலாம் என்று போட்டிருக்கிறீர்களே, அதே பக்கத்தில், அதே வரிக்குக் கீழே, உங்கள் பெயரோடு பதிலைப் போடுங்கள். கடைசித் தேதிக்கு முன்னால் போடுங்கள். என் மகள் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறாள். அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள்.